பூஞ்சைக்குச் சர்க்கரை மாற்றிப் பார்க்கும் ப்ராஜெக்டால் வேலை கிடைக்குமா?

அம்மா, எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படிக்கும் உங்கள் மகள் பூஞ்சைக்குக் குளுக்கோஸ், லாக்டோஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், இதை நம்பி எந்தக் கம்பெனி வேலை தரும் என்று கேட்டிருந்தீர்கள். நொதித்தல் முறையில், அதாவது நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து, மருந்து தயாரிக்கும் கம்பெனிகள் பணம் செலவழித்து விடை தேடும் கேள்வியே அதுதான்.

அவள் வளர்ப்பது பெனிசிலியம் கிரிசியோஃபல்வம். படர்தாமரைக்கு எழுதித் தருகிறார்களே கிரிசியோஃபல்வின் மாத்திரை, அது 1939-ல் இந்தப் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இதே குடும்பத்துப் பெனிசிலின் பூஞ்சைக்குக் குளுக்கோஸை மொத்தமாகக் கொட்டினால் மளமளவென்று வளரும். மருந்து மட்டும் குறைந்துவிடும். அதனால்தான் 1940-களில் அமெரிக்காவின் பியோரியா ஆய்வுக்கூடத்தில், பூஞ்சை மெதுவாகவே உடைக்கும் லாக்டோஸை, அதாவது பால் சர்க்கரையை, பயன்படுத்தினார்கள். பிற்பாடு குளுக்கோஸையே கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும் முறை வந்தது. ஐ.சி.யு.வில் ஏற்றும் காஸ்போஃபஞ்சின் என்ற பூஞ்சைத்தொற்று மருந்துக்கான மூலப்பொருளை வேறொரு பூஞ்சையிலிருந்து எடுக்க மானிடால் என்ற சர்க்கரை வகைப் பொருள் உதவுகிறது. ஒரு பூஞ்சைக்குப் பிடித்தது இன்னொன்றுக்குச் சரிவராது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் தலைப்பை மட்டும் வைத்து யாரும் வேலை தரமாட்டார்கள். ஏழாம் நாள் சோதனைத் தட்டில் மருந்து கிருமியை வளரவிடாமல் தடுத்த வளையத்தை மட்டும் அளந்து எழுதினால் நேர்முகத்தில் நிற்காது. தினமும் மாதிரி எடுத்து பூஞ்சையின் உலர் எடை, மீதிச் சர்க்கரை, பி.எச். (அமில-காரத் தன்மை), மருந்தின் அளவு நான்கையும் பதிய வேண்டும். வளர்ச்சி கூடியதா, மருந்து கூடியதா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். சர்க்கரையைத் தனியே ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம்) செய்யட்டும். மற்றவற்றோடு சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பேறிவிடும். முக்கியமாக, கிரிசியோஃபல்வின் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. தட்டில் படர்தாமரையை உண்டாக்கும் ட்ரைக்கோஃபைட்டன் பூஞ்சையை வளர்த்துத்தான் சோதிக்க வேண்டும். நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது.

வேலை என்று பார்த்தால், ஹைதராபாத், பெங்களூரு பக்கம் நொதித்தல் பிரிவு, தரக்கட்டுப்பாடு இரண்டிலும் சேரலாம். தொட்டி இரவிலும் ஓடும், ஷிஃப்ட் உண்டு. அதற்கு நீங்கள் இப்போதே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிதான் விருப்பம் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் என்ற தேசியத் தேர்வுகள் இரண்டும் எழுதட்டும். சண்டிகரிலுள்ள இம்டெக் நுண்ணுயிர் ஆய்வுக்கென்றே இருக்கும் நிறுவனம்.

அப்புறம், ப்ராஜெக்ட் முடிவதற்குள் எச்.பி.எல்.சி., அதாவது கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவியை, ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். கல்லூரியில் கருவி இல்லையென்றால், பல்கலைக்கழகக் கருவி மையங்களில் கட்டணம் கட்டி மாதிரிகளைச் சோதிக்க முடியுமா என்று கைடிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தச் செலவுக்கு மட்டும் யோசிக்காதீர்கள்.