கடற்கரையைச் சுத்தம் செய்தாலும் கடல்நீர் கெட்டுக்கொண்டே இருக்கிறது. ஊர்மக்களால் என்னதான் செய்ய முடியும்?

செப்டம்பரில் மூன்றாவது சனிக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு குப்பை பொறுக்குகிறோம், அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் பழையபடி கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பொறுக்குவதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குப்பையும் அதைவிட மோசமான அழுக்குத் தண்ணீரும் பெரும்பாலும் ஆற்றோடு வருகின்றன. ஆற்றங்கரையைப் பிடித்து மேலே நடந்து, வழியில் இருக்கிற ஊர்க்காரர்களோடு பேசினால்தான் விடிவு. எங்கள் அனுபவத்தில் இதைத் தவிர வேறு எதுவும் பலிக்கவில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணக்குடிப் பக்கம். பழையாறு சுருளோடு பக்கத்தில் தொடங்கி, நாகர்கோவிலை ஒட்டி, சுசீந்திரம் தாண்டி, கடலில் சேருமுன் எங்கள் ஊர்க் காயலில், அதாவது கடலோர உப்பங்கழியில், விழுகிறது. நாஞ்சில் நாட்டு வயல்களில் பாய்ந்த தண்ணீர், குளங்கள் நிரம்பி வழியும் மறுகால், ஊர்ச் சாக்கடை எல்லாம் கடைசியில் வடிந்து சேர்வது இங்கேதான். கோடையில் ஆற்றில் வரத்துக் குறைந்ததும் காயல் கடலில் திறக்கும் பொழிமுகத்தை மணல் அடைத்துக்கொள்ளும். வந்த அழுக்கு போக வழியில்லாமல் காயலில் கிடக்கும். சோப்புத் தண்ணீரும் யூரியாவும் சாக்கடையும் சேர்ந்தால் பாசி பெருகாமல் என்ன செய்யும்? அந்தப் பாசி இராத்திரியில் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடும். விடியற்காலையில் மடவையும் கரிமீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் மழை வந்து பொழி உடைந்ததும் தேங்கியதெல்லாம் மொத்தமாகக் கடலுக்குப் போகும். அதுவும் ஆழ்கடலுக்கு அல்ல, கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற கரையோரத்துக்கு.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். வள்ளியாறு கடலில் சேரும் கடியபட்டணம் பக்கம் பாறைகளில் சிப்பி எடுக்கிறார்கள். சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. ஒரு சிப்பி ஒரு நாளில் பல லிட்டர் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடும். தண்ணீரில் இருக்கிற கிருமியும் அதற்குள்ளேயே தங்கிவிடும். மலைப்பக்கம் ஓடையில் ஒருவர் கழிவைத் திறந்துவிட்டால் அது நாகர்கோவிலில் ஒருவர் வீட்டுச் சிப்பிக் கறியில் வந்து நிற்கும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் வரும். 'கடற்கரைக்காரர்கள் மட்டும் யோக்கியமா, நீங்கள் வலையையும் தெர்மாகோலையும் போடவில்லையா' என்பார்கள். போடுகிறோம். எங்கள் ஊர்க் கழிவும் கடலுக்குத்தான் போகிறது. காயலில் கதம்பல், அதாவது தேங்காய் மட்டை, அழுகப் போட்டுத் தண்ணீர் கறுத்து, முட்டை அழுகிய நாற்றம் அடித்த இடங்களும் உண்டு. இதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் ஆறு கொண்டுவந்து கொட்டுகிற மொத்தத்தையும் எங்கள் தலையில் கட்டிவிட்டு, எங்களுக்கே சுகாதாரம் பற்றி வகுப்பு எடுக்கும்போது வலிக்கிறது. ஒரு கூட்டத்தில் ஒரு அதிகாரி ஒலிபெருக்கியில் 'முதலில் நீங்கள் சுத்தமாக இருக்கப் பழகுங்கள்' என்று சொன்னார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை.

அம்மா ஆயுசு முழுக்க மீன் விற்றவர். மீன் பாத்திரமான சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றால் பேருந்து நிற்காமல் போகும். நின்றாலும் கடைசிப் படிக்கட்டில் நில் என்பார்கள், மூக்கைப் பொத்துவார்கள். 2021-இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அம்மா சந்தோஷப்பட்டார். ஆனால் சருவத்தைக் கண்டால் வேகத்தைக் கூட்டுகிற ஓட்டுநர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மீனைத்தானே மத்தியானம் எல்லோரும் சாப்பிடுகிறீர்கள்? நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் நாற்றம் என்று பேச்சு வந்தால் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தேவாலயப் பங்கு இளைஞர்களும் சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலரும் சேர்ந்து காயலிலிருந்து ஆற்றோடு மேலே நடந்தோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடக்கவில்லை, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. பழையாற்றில் வரிசையாகத் தடுப்பணைகள் இருக்கின்றன. பிள்ளைபெத்தான், சோழன்திட்டை என்று பெயர்களை வயல்காரர்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். எங்களுக்கு அவை உதவியாக இருந்தன, ஏனென்றால் அணையில் தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் மேலே என்ன நடக்கிறது என்பது தெரியும். ஆகாயத்தாமரைக்கு நடுவே மருந்து பாட்டில், டயப்பர், வாழையிலைக் கட்டு, கோழிக்கடைக் கழிவு மூட்டை எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இடமும் தேதியும் எழுதி ஒட்டினோம். பழைய பூஸ்ட், ஹார்லிக்ஸ் பாட்டில்கள்தான்.

ஓர் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் தண்ணீர் மேல் மஞ்சளாக எண்ணெய் ஏடு படிந்திருந்தது. கையில் தொட்டால் வழுவழுவென்று ஒட்டியது, சாம்பார் வாசனை. அந்த ஓடையைப் பிடித்துப் போனால் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கச் சுவர், அதிலிருந்து ஒரு குழாய். அதற்கும் கொஞ்சம் மேலே பாசனச் சானல் ஓரம் லாரிச் சக்கரத் தடம், காய்ந்துபோன செப்டிக் டேங்க் கழிவு.

அங்கே களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தார். கடப்புறத்து ஆட்கள் மேலே வந்து கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கும் பயம்தான். நான், 'பாட்டா, நாங்க மணக்குடி. காயல்ல மீன் சாவுது, வெள்ளம் எங்க கெடுதுன்னு பாத்துட்டு வாறோம்' என்றேன். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். அவர் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார். முழங்கால் வரை சொறிந்து சொறிந்து புண். 'மக்களே, இந்த வெள்ளத்துல எறங்க ஆளு வரமாட்டேங்கு. கூலி கூட்டிக் குடுத்தாலும் வரமாட்டேங்கான். ராத்திரி லாரி வரும். நா ஒத்தையில என்ன செய்ய?' என்றார்.

அதுவரை நாங்கள் வயல்காரர்களை எதிர்த்தரப்பு என்றும் அவர்கள் எங்களை வேறு சாதி, வேறு கோயில் என்றும் பார்த்துப் பழகியவர்கள். அந்தக் காலைப் பார்த்தபிறகு பேச்சு எளிதாகிவிட்டது. இரண்டாம் போகமான கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும் அவர்கள் ஊர்ப் பாசன சங்கத்துக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து காயலைப் பார்த்தார்கள். பாட்டில்களை அவர்கள் ஊர்க் கிராம சபையிலும் எங்கள் ஊர்க் கிராம சபையிலும் மேசைமேல் வரிசையாக வைத்தோம். மேலேயிருந்து எடுத்தது தெளிவாக, அடுத்தது கலங்கலாக, கடைசியில் கறுப்பாக. ஓர் உறுப்பினர் கடைசி பாட்டிலைத் திறக்கச் சொன்னார், திறந்ததும் மூடச் சொன்னார். இரண்டு ஊரிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் எழுதி, பதிவேட்டில் ஏறியதா என்று நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டோம்.

மண்டபக்காரரிடம் வயல்காரர்களே பேசினார்கள். நாங்கள் போயிருந்தால் விரட்டியிருப்பார். எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் உறிஞ்சுகுழியும் கட்டி, மிச்சத் தண்ணீரை வாழைக்குத் திருப்பியிருக்கிறார். லாரிக்கு இரவுக் காவல் போட்டு, வண்டி எண்ணோடு படம் எடுத்து உள்ளாட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுத்தோம். அந்த இடத்தில் லாரி வருவது நின்றது. வேறு எங்கேயோ போய்க் கொட்டுகிறானே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அதனால்தான் ஒவ்வோர் ஊரும் தன் பங்கு ஆற்றைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நகரத்துச் சாக்கடை முழுவதும் சுத்திகரிக்கப்படாமல் இதெல்லாம் கண்துடைப்பு என்று ஒருவர் எனக்கு முன்பே பதில் எழுதியிருக்கிறார். பெரிய வேலை அரசாங்கம்தான் செய்ய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கேட்க ஆள் இல்லாத ஆற்றுக்கு எந்த அரசாங்கமும் அவசரப்படாது. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பறவைக்குக் கிடைத்த அந்த மரியாதையை ஆற்றின் கடைசியில் இருக்கிற எங்கள் காயல் வரைக்கும் கேட்டு வாங்குவது ஊர்க்காரர்களின் வேலை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் மார்ச் 22 கிராம சபைக்கு முன்பே தொடங்குங்கள். அது தண்ணீர் தினத்துக்கென்றே கூடுகிற சபை, அங்கே இதைப் பேசக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. நாகர்கோவிலில் இருந்தால் உங்கள் வார்டு உறுப்பினரைப் பிடியுங்கள். போகும்போது வயல்காரர் ஒருவரையும் மீன்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டிலில் இடத்தையும் தேதியையும் அழியாத மையில் எழுதுங்கள், இல்லாவிட்டால் 'எங்கே பிடித்ததோ' என்ற ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள்.