காபியில் மாத்திரை போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. காலை, இரவு என 7 நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் காபியிலும், படுக்கப் போகும்போது பாலிலும் விழுங்குகிறார். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. 'சாப்பாட்டுக்குப் பின்' என்றுதான் சீட்டில் இருக்கிறது. இப்படிப் போடலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: வேண்டாம், இன்றே மாற்றுங்கள். பாலில் இருக்கும் கால்சியம் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மருந்து ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். டாக்சிசைக்ளினில் சுமார் 20 சதவீதம் இப்படி வீணாகிறது. அதே குடும்பத்தின் பழைய மருந்தான டெட்ராசைக்ளினில் பாதி வரை போய்விடும். இன்னொரு ஆன்டிபயாடிக்கான சிப்ரோஃப்ளாக்சசினைப் பால், தயிரோடு போட்டாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஷ்டம்.

பாலைவிட இரும்பு மோசம். ரத்தத்தில் சேர்ந்துவிட்ட டாக்சிசைக்ளினிலும் ஒரு பகுதி பித்தநீரோடு குடலுக்குத் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சப்படும். குடலில் இரும்பு இருந்தால் அதையும் பிடித்துவிடும். அதனால் இரண்டு மாத்திரைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட்டாலும் முழுதாகத் தப்பிக்க முடியாது. இந்த 7 நாளும் இரும்பு மாத்திரையை நிறுத்திவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் சிரப்பில் இருக்கும் அலுமினியம், மெக்னீசியமும் இதே வேலையைச் செய்யும்.

அம்மா காபியை விடத் தேவையில்லை. 6 மணிக்குக் காபி, 8.30-க்கு இட்லி சாம்பார், சாப்பிட்ட கையோடு மாத்திரை. அடுத்த காபியோ மோரோ 11 மணிக்கு. தயிர்சாதத்தை மதியத்துக்கு மாற்றிவிட்டு, இரவு 8.30-க்குப் பால், தயிர் இல்லாத உணவுக்குப் பின் அடுத்த மாத்திரை.

படுக்கையில் சாய்ந்துகொண்டு ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கவே கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்தால் அந்த இடம் புண்ணாகி, எச்சில் விழுங்கினாலே நெஞ்சு வலிக்கும். உட்கார்ந்து, ஒரு முழு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கட்டும்.

கேள்வி: ஆன்டிபயாடிக் எதுவானாலும் வெறும் வயிற்றில்தான் நன்றாக வேலை செய்யும் என்கிறார்களே?
- வாசகர், கரூர்

பதில்: மருந்துக்கு மருந்து மாறும். செஃபுராக்ஸிம் மாத்திரை வெறும் வயிற்றில் சுமார் 37 சதவீதம்தான் உடலில் சேரும். சாப்பிட்டபின் போட்டால் 52 சதவீதம். அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாட்டின் தொடக்கத்தில் போடுவது நல்லது. வயிற்றுப் புரட்டல் குறையும். தனி அமாக்சிசிலின் எப்படியும் போடலாம். கிளாக்சசிலினுக்குத்தான் வெறும் வயிறு: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன், அல்லது 2 மணி நேரம் பின்.

கேள்வி: காசநோய் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் போடலாமா?
- வாசகர், வேலூர்

பதில்: ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் இரண்டும் வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் கொஞ்சம் உணவோடு போடலாம். அதில் சிறிது மருந்து குறைந்தாலும், குமட்டலுக்குப் பயந்து ஒரு வேளையை விடுவதைவிட அது எவ்வளவோ மேல். சாப்பிட்ட பிறகும் வாந்தி நிற்காவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்த டீ போல இருந்தாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.