அரங்கக் கேள்வி–பதில்: அண்ணனுக்குத் தெரிந்த கணக்கு

கேள்வி: 1988இல் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வரும் அகதிக் குடும்பம். அண்ணனுக்கு 12 வயது, தம்பிக்கு 6. எட்டு வருடக் கதையை ஒரு மணி நேர நாடகமாக எழுதியிருக்கிறேன். வீட்டின் கஷ்டம் தெரிகிறது, சகோதரர்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லையே என்கிறார்கள் வாசித்தவர்கள். எங்கே பிழை?

பதில்: இந்த மாதிரிப் பிரதிகளில் கஷ்டம் முழுவதும் அப்பா, அம்மாவின் வாயால் வந்துவிடும். பிள்ளைகள் இருவரும் சும்மா கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இருவருக்கும் ஒரே அளவு விஷயம் தெரிந்திருந்தால் அவர்களுக்குள் மோதல் வர இடமே இல்லை. உண்மையில் அந்த வீட்டில் கடிதங்களை வாசிப்பது அண்ணன். வங்கிக்கும் வெல்ஃபெயர் (அரசு உதவிப் பணம்) கந்தோருக்கும் அம்மாவோடு போய்க் கதைப்பதும் அவன்தான். வீட்டில் எவ்வளவு காசு இருக்கிறது என்பது 12 வயதிலேயே அவனுக்குத் தெரியும். தம்பிக்கு 13 வயதாகியும் தெரியாது. நாடகத்தை அந்த இடைவெளியில் வையுங்கள்.

கதையின் திருப்பத்துக்கு 1995 ஒக்டோபரை எடுக்கலாம். அந்த மாதம், ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் அரசு வெல்ஃபெயர் கொடுப்பனவை 21.6 வீதம் வெட்டியது. ஆயிரம் டொலர் வந்த வீட்டில் 216 டொலர் இல்லாமல் போகும். அண்ணனுக்கு அப்போது 19. உணவகச் சமையலறையில் கோப்பை கழுவப் போகிறான். அந்த வருடம் ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 6.85 டொலர். பதிவில்லாமல் கையில் காசாக வாங்குகிறவனுக்கு முதலாளி 5 டொலர் கொடுக்கிறார் என்று வையுங்கள். 20 மணி நேரத்துக்கு 100 டொலர். வருமானம் வந்தால் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும்; அறிவித்தால் கொடுப்பனவில் கை வைப்பார்களோ என்று அவனுக்குப் பயம். ஆகவே அவன் ஒருவரிடமும் சொல்லமாட்டான்.

இப்போது ஒரு காட்சி எழுதலாம். மேசையில் வருமானப் படிவம். அம்மா கையெழுத்து வைக்கக் காத்திருக்கிறா. அண்ணன் வருமானக் கட்டத்தில் பூச்சியம் போடுகிறான். அவனுடைய ஜக்கெற்றின் உட்பையில் ஐந்து இருபது டொலர்த் தாள்களைத் தம்பி ஏற்கெனவே கண்டுவிட்டான். "இது எங்காலை அண்ணா?" என்ற ஒரு கேள்வி போதும். அதற்குப் பதிலாக அண்ணனுக்கு ஒரு பக்க வசனம் எழுதினீர்களோ, காட்சி செத்துவிடும். அவன் படிவத்தை மடித்து உறையில் போடட்டும்.

கேள்வி: இரண்டு வயதுக்கும் இரண்டிரண்டு பேராக நான்கு நடிகர்கள் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆள் மாறும்போதெல்லாம் இவன்தான் அவன் என்று பார்வையாளர் புதிதாகப் பழக வேண்டும். அதற்குள் காட்சியின் பாதி போய்விடும். இரண்டு இளைஞர்களே முழுவதும் நடிக்கட்டும். குழந்தைக் குரல் போட வேண்டாம், சிரிப்புத்தான் வரும். முதற் காட்சிகளில் தம்பி எப்போதும் தரையில் அல்லது அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். பிறகு மெல்ல எழும்பட்டும்.

வளர்ச்சியைக் காட்ட அந்தக் குளிர்கால ஜக்கெற்றே போதும். பார்வையாளருக்கு ஒரே ஜக்கெற்றாகத் தெரிய, ஒரே நிறத்தில் இரண்டு வாங்குங்கள்: ஒன்று இரண்டு அளவு பெரிது, மற்றது கை மணிக்கட்டுக்கு 5 சென்ரிமீற்றர் மேலே நிற்பது. 1988இல் அண்ணன் பெரியதற்குள் தொலைந்து நிற்பான். 1991இல் சின்னது அவனுக்குக் கை எட்டாது. அடுத்த காட்சியில் பெரியது தம்பியின் உடம்பில். நிறம் மாறிவிட்டால் சாயம் போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். பொலியெஸ்டரில் சாதாரணச் சாயம் பிடிக்காது. அவசரமாக ஜக்கெற் மாற்றும்போது சிப் சிக்கும். வெல்க்ரோ தைத்தால் கிழிக்கும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். நான்கு அழுத்துப் பொத்தான்கள் நல்லது.

கேள்வி: அந்தக் காலப் பொருட்களில் எங்கே பிழை விடுவோம்?

பதில்: காசில். ஒரு டொலர் நாணயம் 1987இல் வந்தது. இரண்டு டொலர் நாணயம் 1996இல்தான். 1995 காட்சியில் இரண்டு டொலர் என்றால் செம்மண் நிறத் தாள். மண்டபத்தில் இருக்கும் பாதிப் பேர் அதை எண்ணிப் பார்த்தவர்கள், விடமாட்டார்கள். கடித உறையில் ரொறன்ரோ என்றல்ல, ஸ்காபரோ என்றே எழுதுங்கள். 1998 வரை அது தனி நகரம்.

கேள்வி: இறுதியில் அண்ணன் தம்பியை அறைகிறான். ஒத்திகையில் உண்மையாகவே பட்டுவிட்டது.

பதில்: இருவரும் கிட்ட நின்றிருப்பார்கள். அறைபவர் கையை முழுதாக நீட்டினாலும் விரல் நுனிக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும். தம்பி பார்வையாளருக்கு முதுகு காட்டட்டும், அப்போது அந்த இடைவெளி தெரியாது. சத்தத்தைத் தம்பியே நெஞ்சுக்கு முன்னால் கைதட்டி எழுப்ப வேண்டும். முழங்கை விரிந்தால் குட்டு வெளிப்படும். முதலில் கண் பார்த்துச் சம்மதம், பிறகு வீச்சு. கால்வாசி வேகத்தில் தொடங்கிப் பழகுங்கள். ஒவ்வொரு காட்சி நாளிலும் திரை திறக்குமுன் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். அடுக்குக் கட்டிலைச் சில்லுப் பூட்டை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். தம்பி பின்னால் சாயும்போது அது நகரும். கட்டிலின் கால்களைத் தளத்தோடு முடுக்கிவிடுங்கள். மண்டபத்தார் ஆணி அடிக்க விடாவிட்டால் கீழ்த்தட்டின் அடியில் மணல் மூட்டை வையுங்கள்.