செயலிக்குள் வராதவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

வணக்கம். கருத்துக் கேட்புக்கு உங்கள் குழு வெளியிட்ட செயலியில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அநேகமாகப் பதிலே தரவில்லை, அதை வைத்து ஐந்தாண்டு நகரத் திட்டத்தை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள்.

பாஸ்டன் நகரமும் இங்கேதான் இடறப் பார்த்தது. ஓடும் காரில் கைபேசி உணரும் அதிர்வை வைத்துச் சாலைப் பள்ளங்களைக் கண்டறியும் 'ஸ்ட்ரீட் பம்ப்' செயலியை 2012-இல் கொண்டுவந்தார்கள். காரும் கைபேசியும் குறைவான பகுதிகளின் பள்ளங்கள் கணக்கிலேயே விழாமல் போகும் என்பதை உணர்ந்து, நகரம் முழுவதும் சுற்றும் சாலை ஆய்வாளர்களிடம் முதலில் அதைக் கொடுத்தார்கள். நீங்களும் எல்லாத் தெருக்களையும் மிதிப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்: துப்புரவுப் பணியாளர்கள், தபால்காரர்கள், பஸ் நடத்துநர்கள்.

பிறகு சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரோடு ஒரு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். அளவுநாடாவை மறக்க வேண்டாம். 15 செ.மீ. உயர நடைபாதைக்கு 1:12 சரிவு (1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம்) என்றால் 180 செ.மீ. நீளம் வேண்டும். வரைபடத்தில் 'சரிவுப் பாதை உண்டு' என்று குறித்திருப்பதை நான் ஒருபோதும் நம்புவதில்லை.

நகர நிதியில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பவர்களே முடிவுசெய்து ஒதுக்கும் முறையை பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி 1989-இல் தொடங்கியது. அதை இரண்டாம் ஆண்டில் முயலலாம். நகரெங்கும் தரவு திரட்டப் பொருத்தும் சென்சார்களை (உணரிகளை) வாங்குவது கடைசியில் இருக்கட்டும். விற்பவர்கள் அவசரப்படுத்தத்தான் செய்வார்கள்.