ரிப்போர்ட் நார்மல், வயிறு மட்டும் நார்மல் இல்லையே?

கேள்வி: வயது 31, ஐடி வேலை. இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி பேதி வந்தது. அதிலிருந்து தினமும் காலையில் வயிறு பிசைகிறது, ஆபீஸ் பஸ் பிடிப்பதற்குள் மூன்று நான்கு தடவை பாத்ரூம், போனால்தான் வலி அடங்கும். ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் நார்மல். "ஐ.பி.எஸ்., டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். இது கேன்சர் ஆகுமா? என்ன சாப்பிடலாம்? மோராவது குடிக்கலாமா?

பதில்: கேன்சர் ஆகாது. மனப்பிரமையும் இல்லை. இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்பதைத் தமிழில் சுருக்கினால் போலீஸ் அதிகாரி ஞாபகம்தான் வருகிறது, என்ன செய்ய!

ஸ்கேனும் கொலோனோஸ்கோபியும் புண், கட்டி, வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கும். உங்களுக்குக் கோளாறு அதில் இல்லை, குடல் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. குடலுக்குள் ஒரு சின்ன பலூனை வைத்து மெல்ல ஊதிப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் "ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லும் அளவிலேயே இந்தத் தொல்லை உள்ள பலருக்கு வலி வந்துவிடுகிறது. நரம்பு அவ்வளவு கூர்மையாகிவிட்டது. கடுமையான பேதிக்குப் பிறகு சுமார் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆவதுண்டு, அதனால் உங்கள் கல்யாணச் சாப்பாட்டுக் கதையை நான் அப்படியே நம்புகிறேன்.

அதென்ன காலையில் மட்டும்? தூங்கி எழுந்ததும் பெருங்குடல் சுறுசுறுப்பாகும், வயிற்றில் ஏதாவது விழுந்தால் இன்னும் அசையும், காபி அதைத் தட்டி எழுப்பும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். உங்களுக்கு இதோடு பஸ் போய்விடுமே என்ற பதற்றமும் சேர்ந்துகொள்கிறது. முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்து, காபியையும் டிபனையும் அப்போதே முடித்துப் பாருங்கள். சப்பென்று தெரியும் யோசனைதான், ஆனால் பலருக்கு உதவுகிறது.

மூன்று மாதமாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி, அதோடு மலம் போகும் தடவையோ தன்மையோ மாறுவது, தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருப்பது: ஐ.பி.எஸ்.தானா என்று முடிவு செய்ய டாக்டர்கள் வைத்திருக்கும் ரோம் விதிகள் (2016இல் வந்தவை) சுருக்கமாக இதைத்தான் சொல்கின்றன. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் நான் சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாட்டில் முதல் சந்தேகம் வெங்காயம், பூண்டு மேல்தான். அதிலிருக்கும் ஃப்ரக்டன் என்ற சர்க்கரை சிறுகுடலில் செரிக்காது, பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து கேஸ் ஆகும். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டுப் பயனில்லை, அது ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும். பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசம் வரும், வயிறும் சும்மா இருக்கும். அடுத்த சந்தேகம் கோதுமை, பால், கொண்டைக்கடலை, ராஜ்மா, சுகர்ஃப்ரீ சூயிங்கம் மேல். அரிசிச் சோறு பயமில்லை. நான்கிலிருந்து ஆறு வாரம் விலக்கிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நோட்டில் எழுதுங்கள். இந்த இரண்டாம் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆயுசுக்கும் ரசம் சாதத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். நார்ச்சத்து வேண்டுமென்றால் கோதுமைத் தவிடு வேண்டாம், இசப்கோல் போதும், அரை ஸ்பூனில் ஆரம்பித்து நிறையத் தண்ணீரோடு.

இதற்கும் அடங்கவில்லை என்றால் டாக்டர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதலாம். மெடிக்கல் ஷாப்பில் "இது டிப்ரெஷன் மாத்திரையாச்சே" என்பார்கள், பயப்படாதீர்கள். இந்தச் சின்ன அளவில் அது குடல் நரம்பின் கூர்மையைத் தணிக்கத்தான். 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் நன்றாகவே பலன் தெரிந்தது. தானாக வாங்கிப் போட்டுக்கொள்ள மட்டும் கூடாது.

மோரா? புளிக்கும்போது பாலின் லாக்டோஸ் குறைந்துவிடுகிறது. மதியம் ஒரு டம்ளர், பெருங்காயம் போட்டு, தாராளமாகக் குடித்துப் பாருங்கள்.