மகள் கண்டக்டர் ஆக வேண்டும் என்கிறாள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார். பிளஸ் ஒன் படிக்கும் மகள் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்குக் கண்டக்டர், அதாவது எதிரில் நின்று கையசைத்து வாசிப்பவர்களை நடத்துபவர், ஆகப்போவதாகச் சொன்னதையும், சொந்தக்காரர்கள் "எந்த டிப்போவில்?" என்று சிரித்ததையும் எழுதியிருந்தீர்கள். சிரித்தவர்களை விடுங்கள். இன்ஜினியரிங்கா, இசையா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பேச வேண்டியது வேறு.

கண்டக்டர் வேலை பள்ளி முடித்த கையோடு கிடைப்பதில்லை. கையில் ஒரு வாத்தியம் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் அந்த மேடைக்குப் போகிறார்கள். பெயர்பெற்ற இத்தாலியக் கண்டக்டர் டோஸ்கானினி, முதலில் செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தவர். 1886-இல் ரியோ டி ஜெனிரோவில் கண்டக்டர் விஷயத்தில் ரகளையாகி, 19 வயதுப் பையனான அவரைக் கண்டக்டர் இடத்தில் தூக்கி நிறுத்தினார்கள். மும்பையில் பிறந்த கண்டக்டர் சுபின் மேத்தா டாக்டர் படிப்புக்கான வகுப்பில் இருந்துவிட்டு, 1954-இல், 18 வயதில் வியன்னா போனார். கண்டக்டிங்கோடு, ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸும் கற்றார். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையை வெளியாள் பார்க்க முடியாது என்பதால், அவரும், பின்னாளில் பெரிய கண்டக்டரான கிளாடியோ அப்பாடோவும் அங்கிருந்த பாடகர் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். பாடிக்கொண்டே எதிரில் நிற்பவரின் கையைப் பார்க்கலாம் அல்லவா! மேத்தாவின் அப்பாவே வயலின் கலைஞர், பம்பாயில் ஆர்கெஸ்ட்ரா தொடங்கியவர் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த வீடு வேறு, நம் வீடு வேறு.

உங்கள் மகள் எட்டு வருடமாக வயலின் கற்கிறாள் என்றீர்கள். கர்நாடக முறையா, மேற்கத்திய முறையா என்று எழுதவில்லை. தரையில் உட்கார்ந்து ச-ப-ச-ப சுருதியில் வாசிப்பவள் என்றால், பிடிமானம், வில், விரல் எல்லாமே மாற வேண்டும். காது மட்டும் கூட வரும், அதுவும் சின்ன விஷயமில்லை. மேற்கத்திய முறை என்றால் அந்த இசைப் பரீட்சையின் எட்டாம் கிரேடு சான்றிதழைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு வரும் பிள்ளைகளில் பலர் ஐந்தாறு வயதிலிருந்தே வாசிப்பவர்கள்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அரசுப் பணத்தில் நடக்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் அங்கே நூற்றுக்கும் மேல். அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவாகச் சுமார் 12,000 யூரோ கணக்கில் காட்ட வேண்டும். ஜெர்மன் மொழியும் வேண்டும். கண்டக்டிங் பிரிவில் ஒவ்வொரு கல்லூரியிலும் விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான், பியானோவும் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். படித்து முடித்து, வாத்தியம் வாசிப்பவராக ஆர்கெஸ்ட்ரா வேலைக்குப் போனால், முதல் சுற்றில் பல இடங்களில் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். வயலினுக்கு மொட்சார்ட் எழுதிய கான்செர்ட்டோ (தனி வாத்தியம் முன்னால் நின்று ஆர்கெஸ்ட்ராவோடு வாசிப்பது) நிச்சயம் இருக்கும். அப்புறம் ஷூமன் என்ற இசையமைப்பாளரின் இரண்டாம் சிம்பொனியில் வரும் ஸ்கெர்ட்சோ என்ற வேகமான பகுதி மாதிரி, விரல் தடுமாறினால் உடனே தெரிந்துவிடும் பகுதிகள். தேர்வானாலும் வழக்கமாக ஒரு வருடம் தகுதிகாண் பருவம். அதன் முடிவில் கூட வாசிப்பவர்களே ஓட்டுப் போட்டு வைத்துக்கொள்வார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள்.

இங்கே மும்பையில் 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் நிறைய. ஆக, உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

இன்ஜினியரிங்கைப் 'பாதுகாப்புக்கு' எடுத்து வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். லேப், இன்டர்னல் என்று நாலு வருடம் போனால் வயலின் பெட்டிக்குள் போய்விடும். வகுப்பு நேரம் குறைந்த பி.காம். மாதிரி ஒன்று இருக்கட்டும், தினமும் நாலு மணி நேரம் சாதகத்துக்குக் கிடைக்கும். நல்ல ஆசிரியர் ஒருவர் ஒரு வருடம் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். அதுவரை வீட்டை அடகு வைக்கிற பேச்சே வேண்டாம்.

இதற்கிடையில் செலவில்லாத ஒரு வேலை. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனி ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் சுரங்களையும் எழுதிய தாள்களை, ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இசைத்தாள் தளத்தில் இலவசமாக இறக்கி, பிரின்ட் போட்டுக் கொடுங்கள். 1876-இல், தன் 43-ஆவது வயதில்தான் பிராம்ஸ் அதை அரங்கேறவிட்டார். இருபது வருடத் தயக்கம். ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து வரி ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். கிளாரினெட் என்ற ஊதும் வாத்தியத்தின் வரியில் எழுதியிருக்கும் சுரம் ஒன்று, கேட்கும் சுரம் வேறு. இதையெல்லாம் ஒரே பார்வையில் படிப்பவர்தான் கண்டக்டர். கை வீசுவது கடைசியில் வருவது.

அந்த ஸ்கோரில் டிராம்போன் என்ற பித்தளை ஊது வாத்தியங்கள் மூன்றைத் தேடச் சொல்லுங்கள். முக்கால் மணி நேர சிம்பொனியில் முதல் அரை மணி நேரம் அவற்றை வாசிப்பவர்களுக்கு ஒரு சுரம்கூடக் கிடையாது. மேடையில், விளக்கு வெளிச்சத்தில், சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நாலாவது பகுதியில், ஆறிப்போன உதட்டோடு, கோயிலில் பாடுகிற மாதிரி மெல்ல ஒரு மெட்டை எடுக்க வேண்டும். பிசிறக் கூடாது. அவர்களுக்குத் தைரியம் வருகிற மாதிரி மூச்சையும் கையையும் காட்டுவது எதிரில் நிற்பவரின் வேலை. இசைத் துறையை நானும் வெளியிலிருந்து பார்ப்பவன்தான். அந்த இடத்தில் கண்டக்டர் இடது கையை லேசாகத் தாழ்த்தியதை ஒருமுறை கேமரா வழியாகப் பார்த்த பிறகுதான் இது என்ன வேலை என்பதே எனக்குப் பிடிபட்டது.

ஒரு மாதம் அந்தப் பக்கங்களோடு உட்காரட்டும். எங்கே யார் நுழைகிறார்கள், எங்கே புரியவில்லை என்று பென்சிலால் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் நேரில் வரும்போது மார்க் ஷீட் ஃபைல் வேண்டாம். அந்தப் பென்சில் கிறுக்கல்களைக் கொண்டுவந்தால் போதும்.