அத்தைக்கு ஏற்காடா, சேலமா?

கேள்வி: என் அத்தைக்கு 78 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை, பிள்ளைகள் இல்லை. மாமா காலமான பிறகு சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டில் தனியாக இருக்கிறார். மூட்டு வலி உண்டு, பனிக்காலத்தில் மூச்சிரைப்பும் வரும். நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம். ஏற்காட்டில் ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்தோம், எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அத்தையைக் கேட்டால் "உன் இஷ்டம்ப்பா" என்கிறார். வீட்டை என் பெயருக்கு எழுதித் தருவதாகவும், அதை விற்று முன்பணம் கட்டிவிடும்படியும் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: "உன் இஷ்டம்ப்பா" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடித்துவிட்டது என்று எழுதியிருப்பது நீங்கள்தான். அத்தை அந்த இடத்தைப் பார்த்தாரா என்றுகூடக் கடிதத்தில் இல்லை.

என்னைக் கேட்டால் ஏற்காடு வேண்டாம். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மே மாதம் நாலு நாள் போய் இருக்க அருமையான ஊர்தான். ஆனால் மார்கழி, தை மாதப் பனியிலும் ஈரத்திலும் மூட்டு வலிக்காரர், அதுவும் மூச்சிரைப்பு உள்ளவர், வருஷம் முழுக்க இருப்பது வேறு விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் பெரிய மருத்துவமனைக்குச் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறு, கோடை விழா நாட்களில் பகலிலேயே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. குப்பனூர் வழி இருக்கிறதே என்பீர்கள். அதுவும் மலைப்பாதைதான்.

அதைவிட எனக்கு உறுத்துவது, மேலே அவரைப் பார்க்க யார் வருவார்கள் என்பது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியவருக்குச் சேலத்தில் வீதிக்கு வீதி பழைய மாணவர்கள் இருப்பார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போக ஒரு பக்கத்து வீட்டுப் பெண் இருப்பார். அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி பக்கம் என்றால் அவர்கள் டவுன் பஸ்ஸிலேயே வந்து எட்டிப் பார்ப்பார்கள். அதனால் சேலத்துக்குள்ளேயே, இல்லாவிட்டால் ஊரை ஒட்டி, தேடுங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாயங்காலம் ஏழு மணி வாக்கில், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பகலில் வரவேற்பறையில் இருக்கும் ஆட்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள், அதில் நர்ஸ் உண்டா, ஆம்புலன்சில் கூடவே போவது யார் என்று கேளுங்கள். 'டாக்டர் ஆன் கால்' என்றால் பெரும்பாலும் போனில் கிடைப்பார் என்பதுதான். குளியலறையைக் கட்டாயம் பாருங்கள்: கைப்பிடி, வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவு. (விளம்பரப் புத்தகங்களில் தோட்டத்து பெஞ்சைத்தான் போடுகிறார்கள். ஒரு குளியலறைப் படத்தைக்கூட நான் பார்த்ததில்லை.) லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பதும் முக்கியம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அத்தை படுக்கையில் விழுந்தாலோ, ஞாபகம் தடுமாற ஆரம்பித்தாலோ அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா? தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களுக்கு மட்டும் என்று பல இடங்களில் ஒப்பந்தத்திலேயே இருக்கும். உடம்புக்கு முடியாமல் போகும் நாளில் வேறு இடம் தேடச் சொல்வார்கள், அல்லது கட்டணம் பல மடங்காகும். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் அது வாடகையா, குத்தகையா, சொந்தமா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இடையில் வெளியேறினால் முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை மாதத்தில் திரும்பும், பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு கூடும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். புதிதாகக் கட்டி விற்கும் குடியிருப்பு என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் ஒரு மாதம் கட்டணம் கொடுத்துத் தங்கிப் பார்க்கட்டும். அதுவரை செவ்வாய்ப்பேட்டை வீட்டைப் பூட்டி வையுங்கள், விற்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்பிவர இடம் வேண்டுமே. பிடித்துவிட்டால்கூட வாடகைக்கு விடலாம். அந்த வாடகையும் ஓய்வூதியமும் மாதச் செலவுக்குப் போதுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

வீட்டை உங்கள் பெயருக்கு எழுதும் பேச்சு இப்போது வேண்டாம். அத்தை பிடிவாதமாக இருந்தால், 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் தீர்ப்பாயத்தில் முறையிட்டு எழுதிக்கொடுத்ததை ரத்து செய்யலாம். பிள்ளையில்லாத மூத்தவரின் சொத்தை அனுபவிக்கிற, அல்லது பின்னால் அடையப்போகிற வாரிசுக்கும் அவரைப் பராமரிக்கும் பொறுப்பு உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. வீடு உங்களுக்கு வருமென்றால் அந்தக் கணக்கில் நீங்களும் வருவீர்கள்.